கடைசியாகத் தொட்ட நேரம்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு அறை தேடி அலைகிற பகுதியில், 1987ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் 'நிலப்பதிவுப் பிழைநீக்கத் தனி அலுவலகம்' என்று பலகை மாட்டினார்கள். நிலப்பதிவில் பிழை செய்வதற்கு ஏற்கெனவே ஓர் அலுவலகம் இருந்தது. அது தன் வேலையைக் குறைவில்லாமல் செய்து முடித்திருந்ததால், செய்ததை நீக்குவதற்கு இன்னொன்று தேவைப்பட்டது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வியப்பதற்கு இருந்தது கம்ப்யூட்டர்தான். மெட்ராஸிலிருந்து லாரியில் வந்தது. அதற்கென்று குளிர்சாதன அறை கட்டினார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் வெயிலில் நின்றபடி, கண்ணாடி வழியாக அது குளிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டு, பூசணிக்காயும் உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்குத்தான் அதில் சக்கரம் இல்லை. அரைமணி நேரம் ஆலோசித்து, அது வந்த லாரியின் சக்கரத்திலேயே வைத்து நசுக்கினார்கள். லாரி நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தது.

அந்த அலுவலகத்துக்குத் தனி அலுவலராக வந்தவர் ஏகாம்பரநாதன். சென்னையில் பதினோரு நாள் கம்ப்யூட்டர் பயிற்சி பெற்றவர். அதில் இரண்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. மிச்ச ஒன்பது நாளில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு கோப்புக்கும் அதைக் கடைசியாகத் திருத்திய நேரம் தானாகவே பதிவாகிவிடும். வருஷம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அந்த நேரத்தை வைத்துக் கோப்பைத் தேடவும் செய்யலாம். அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு அலுவலகத்தையே நடத்திவிடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

இந்த அலுவலகத்தின் படியை இருசப்பன் மிதித்த காரணம் எளிமையானது. அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டி, அவருக்கு அறுபத்திரண்டு சென்ட் நிலம். அவர் அப்பா வெட்டிய கிணறு, அவரே போட்ட மோட்டார், வருஷம் தவறாமல் மல்லாட்டை. ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். பத்திரம் இருந்தது, கிஸ்து கட்டிய ரசீதுகள் இருந்தன. மறு அளவையில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த இடத்தை 'மேய்க்கால் புறம்போக்கு' என்று எழுதிவிட்டார். அதாவது, மாடு மேய்கிற அரசாங்க இடம். ஆக, அப்பன் வெட்டிய கிணற்றில் தண்ணீர் இறைத்த இருசப்பன் ஒரே எழுத்தில் ஆக்கிரமிப்பாளர் ஆனார். பிழைநீக்க அலுவலகத்தில் ஆணை வாங்கி வராவிட்டால் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று நோட்டீசும் வந்துவிட்டது.

மனுவை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் கஸ்தூரி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். அந்த அலுவலகத்தில் மெஷினைத் தொடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எனவே அவளுக்குத்தான் எல்லோரையும்விடச் சம்பளம் கம்மி.

"பத்திரம், ரசீது எல்லாம் சரியாத்தான் கீது பெரியப்பா. இது சின்ன தப்பு. ஒரு கையெழுத்துல முடிஞ்சிடும்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அந்த ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று ஊரில் எல்லோரும் இருசப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவரும் வாரா வாரம் போய் அழுதார். "நம்ம விசயம் இன்னா ஆச்சும்மா?" என்று கேட்பார். கஸ்தூரி மெஷினில் தட்டிவிட்டு, "இன்னும் வரலை பெரியப்பா" என்பாள். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போயிற்று. ஐப்பசியில் ஒரு நாள் அவர் ஒன்பதரைக்கே போய் நின்றார். பத்தரைக்கு வந்த ஏகாம்பரநாதன் அவரைப் பார்த்ததும் அறைக்குள் கூப்பிட்டார். எளியவர்களுக்கு விளக்கம் சொல்வதில் அவருக்கு ரொம்ப ஆசை.

"பெரியவரே, மத்த ஆபீஸ்ல மனுசன் முடிவு பண்றான். அதனாலதான் ஊழல். இங்க நேரம் முடிவு பண்ணுது. நேரத்துக்கு யாராச்சும் லஞ்சம் குடுக்க முடியுமா?"

"முடியாதுங்க."

"தினமும் பதினோரு மணிக்கு மெஷினைக் கேப்போம். எந்தெந்தக் கோப்பைத் திருத்தி எத்தனை நாள் ஆச்சுன்னு. முப்பது நாளுக்குக் கீழே இருந்தா அது புதுசு. புதுசுல கை வைக்கக் கூடாது. பிஞ்சுல பறிப்பீங்களா மல்லாட்டையை? முப்பது நாளைத் தாண்டிடுச்சுன்னா, மனு குடுத்தவருக்கே அக்கறை இல்லைன்னு அர்த்தம். மூடிடுவோம். சரியா முப்பது நாள் ஆன கோப்பு மட்டும் என் மேசைக்கு வரும். வந்த அன்னிக்கே முடிச்சிடுவேன். இந்த ஜில்லாவிலேயே ஒரே நாள்ல வேலை முடிக்கிற ஆபீஸ் இது ஒண்ணுதான்."

"நான் குடுத்து மூணரை மாசம் ஆவுதுங்களே ஐயா."

ஏகாம்பரநாதன் கஸ்தூரியைக் கேட்டார். அவள் கண்ணாடி அறையிலிருந்து, "ஏழு நாள் சார்" என்றாள்.

"பாத்தீங்களா? மெஷின் பொய் சொல்லுமா? போன வாரம் நீங்க வந்து கேட்டீங்க. மத்த ஆபீஸா இருந்தா போய்யானு விரட்டுவான். நாங்க மதிச்சு, நீங்க கேட்டதைக் கோப்புல ஏத்தினோம். ஏத்தினா கோப்பு திருத்தினதா ஆயிடும். அந்த நேரத்துலேர்ந்துதான் கணக்கு."

"அப்போ நான் கேக்கக் கேக்க அது புதுசாயிக்கினே இருக்குதுங்களா?"

"மக்கள் கேட்டா எங்க ஆபீஸ்ல கோப்பு உயிரோட இருக்கும். அதுதான் எங்க பெருமை."

"கேக்காமயே இருந்துட்டா?"

"கேக்காம இருந்தா உங்களுக்கு அக்கறை இல்லைன்னு ஆயிடுமே" என்று சிரித்தார் அலுவலர். பேச்சின் நடுவிலேயே பதினோரு மணிக்குரிய மணியைப் பியூன் கபாலி அடித்தான். கஸ்தூரி கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக ஒரு வரிக் கட்டளையைத் தட்டி, அன்றைய தேடுதலை முடித்தாள். அதற்குப் பிறகும் நாலு நிமிஷம் நேரத்தின் மகிமையைப் பேசிவிட்டுத்தான் ஏகாம்பரநாதன் அவரை விட்டார். "இப்பக்கூட நீங்க கேட்டீங்க. கஸ்தூரி, ஏத்துங்க."

பதினொன்று அடித்து நாலு நிமிடம் ஒன்பது நொடி என்று ஏறியது.

சாப்பாட்டு வேளையில் கஸ்தூரி குழாயடிக்கு வந்து ரகசியமாகச் சொன்னாள். "பெரியப்பா, இனிமே முப்பது நாளு இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்காதீங்க. அது தானா மேலே வரும்."

இருசப்பன் அப்படியே செய்தார். முப்பதாம் நாள் அவருக்குக் கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின நாளாக அமைந்தது. கடலைக்குக் களை எடுத்துக்கொண்டே பதினோரு மணிக்குச் சூரியனைப் பார்த்தார். 'இந்நேரம் நம்ம பேரு மேலே வந்திருக்கும்' என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம். மறுநாள் தீபம். மலை சுற்ற வந்த கூட்டத்துக்கு அவர் மனைவி பாஞ்சாலை மோர் ஊற்றினாள். அண்ணாமலையாரைப் பார்த்து இரண்டு பேரும் நிறைவாகக் கும்பிட்டார்கள்.

நாலு நாள் கழித்துத் தபாலில் கடிதம் வந்தது. ஐந்தாவது வரை படித்த பாஞ்சாலைதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'மனுதாரர் தமது நிலத்தின்பால் அக்கறை கொண்டவரல்லர் என்பது நேரக் குறியீட்டின் வாயிலாக ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளபடியால், அன்னாரின் கோப்பு மூடப்படுகிறது.'

"யாருக்கு அக்கறை இல்லியாம்?" என்றாள் பாஞ்சாலை. அவள் கையில் அப்போதுதான் களைக்கொத்தினால் வந்த கொப்புளம் உடைந்திருந்தது.

இருசப்பன் கடிதத்தோடு ஓடினார். ஏகாம்பரநாதன் கோபப்படவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டே காட்டினார்.

"நீங்க கடைசியா கேட்டது பதினொண்ணு நாலு. முப்பதாம் நாள் பதினோரு மணிக்கு நாங்க மெஷினைக் கேக்கும்போது ஆனது இருபத்தொம்பது நாள், இருபத்து மூணு மணி, அம்பத்தஞ்சு நிமிசம், அம்பத்தோரு செகண்டு. இது எத்தனை நாள்?"

"முப்பதுதாங்க."

"மனுசனுக்கு முப்பது. மெஷினுக்கு இருபத்தொம்பது. முழு நாளைத்தான் அது எண்ணும், மிச்சத்தைத் தள்ளிடும். கறாரான மெஷின்."

"சரிங்க, மறுநாளு?"

"மறுநாள் முப்பதுனுதான் சொல்லியிருக்கும். ஆனா கேக்க ஆள் இல்லை. தீபம். நீங்களே சொல்லுங்க, தீபத்தன்னிக்கு ஆபீஸைத் தொறந்தா அண்ணாமலையாருக்கு அடுக்குமா? அதுக்கடுத்த நாள் வந்து கேட்டோம். முப்பத்தொண்ணு ஆயிடுச்சு. அக்கறை இல்லாத கோப்பு."

"ஐயா, அன்னிக்கு நான் ஒம்பதரைக்கே வந்துட்டேன். நீங்கதான் பேசிக்கினே இருந்தீங்க. அதுலதான் பதினொண்ணு தாண்டிப் போச்சு."

"விளக்கம் சொல்றது அலுவலரோட கடமை" என்றார் ஏகாம்பரநாதன். அந்தக் கடமையை அன்றும் முக்கால் மணி நேரம் செய்தார்.

மூடிய கோப்பைத் திறக்க ஒரு மறுதிறப்பு மனு கொடுக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை கஸ்தூரி ஏமாறத் தயாராயில்லை. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் புரட்டி, முப்பதாம் நாள் ஞாயிறாகவோ, பொங்கலாகவோ, வேறெந்த விடுமுறையாகவோ இல்லாதபடி ஒரு நாள் பார்த்தாள். கல்யாணத்துக்குக்கூட யாரும் இத்தனை பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நாளில் காலை பத்து நாற்பதுக்கு மனுவை ஏற்றினாள். "இருபது நிமிசம் கையிருப்பு இருக்குது பெரியப்பா. இனிமே மெஷினாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மெஷின் ஒன்றும் பண்ணவில்லை. மனிதர்தான் பண்ணினார்.

இருபத்திரண்டாம் நாள் பௌர்ணமி. சாயங்காலம் ஏகாம்பரநாதன் குடும்பத்தோடு மலை சுற்ற வந்தார், அரசாங்க ஜீப்பில். அடி அண்ணாமலைக்கு வந்ததும் பிள்ளைக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்க ஜீப் நின்றது. எருக்கூடையோடு எதிரே வந்த இருசப்பன் அவரைப் பார்த்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பெரிய மனிதரைப் பார்த்தும் பார்க்காதது போலப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. கூடையை இறக்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வணக்கம் போட்டார். ஏகாம்பரநாதனும் தலையை அசைத்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அலுவலர் கோப்பில் ஏற்றச் சொன்னது இது: 'மனுதாரர் பௌர்ணமியன்று அலுவலரை நேரில் கண்டு வணக்கம் தெரிவித்தார். இது நினைவூட்டலாகக் கருதப்படுகிறது.'

"சார், அவர் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் கஸ்தூரி.

"எதுக்கும்மா கும்புட்டாரு? என் மூஞ்சிக்கா? மனுவுக்குத்தான். மக்களோட சின்ன அசைவைக்கூட நாம விட்டுடக் கூடாது."

கோப்பு மறுபடியும் புத்தம் புதுசானது. விஷயம் தெரிந்தபோது பாஞ்சாலை கொதித்துப் போனாள். "கும்புட்டது ஒரு குத்தமாய்யா? கும்புடாம வந்திருந்தா திமிர் புடிச்சவன்னு எழுதியிருப்பான். நீ இன்னா பண்ணாலும் எழுத அந்தப் பாவிக்கு எடம் கீது. உனக்குத்தான் நிக்க எடம் இல்ல."

ஐம்பத்தாறு வயதில் வணக்கம் வைத்ததற்கு வெட்கப்பட வேண்டி வந்ததே என்று இருசப்பனுக்கு அழுகை முட்டியது.

அடுத்த முப்பது நாளும் அவர் ஊரிலேயே இல்லை. கீழ்பென்னாத்தூரில் மாமன் மகன் அர்ஜுனன் வீட்டில் போய் ஒளிந்துகொண்டார். கொலை செய்தவன்கூட அவ்வளவு சிரத்தையாக ஒளிந்திருக்க மாட்டான். கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதெல்லாம் பாஞ்சாலைதான். ஒரு நாள் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டதும், கணவனுக்குப் பதிலாகத் தன் முகம் நினைவூட்டலாகிவிடுமோ என்று பயந்து, ஈரக் கடலைச் செடிக்குள் அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள். அது பால்வண்டி. சேற்றோடு எழுந்து உட்கார்ந்து அவள் கொடுத்த சாபத்தை இங்கே எழுத முடியாது.

இருபத்தொன்பதாம் நாள் சென்னையிலிருந்து உயர் அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருவதாகத் தந்தி வந்தது. மாலை நாலு மணிக்கு வருகிறார். பழைய கோப்புகள் எத்தனை தேங்கியிருக்கின்றன என்று பார்ப்பார். ஏகாம்பரநாதனுக்கு வியர்த்துவிட்டது. மூன்று மணிக்குக் கண்ணாடி அறைக்குள் வந்தார். அவசரத்தில் செருப்பைக் கழற்றவும் மறந்துவிட்டார்.

"கஸ்தூரி, எல்லாக் கோப்பையும் இப்பவே ஒரு தடவை தொட்டு விடுங்க."

"திருத்தறதுக்கு எதுலயும் ஒண்ணும் இல்லீங்களே சார்."

"திருத்த வேணாம்மா. சும்மா தொட்டாப் போதும். பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கு ஒரு கட்டளை இருக்கு. உள்ளே ஒரு எழுத்தும் மாறாது. நேரம் மட்டும் மாறும்."

"சார், இருசப்பன் பெரியப்பாவுக்கு நாளைக்கு முப்பது நாளு முடியுது. அந்த ஒண்ணை மட்டும் விட்டுடட்டுமா?"

"நாளைக்குத்தானே? இன்ஸ்பெக்‌ஷன் இன்னிக்கு."

கஸ்தூரி தட்டினாள். தட்டும்போது தன் கையைத் தானே பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கோப்புகளுக்கும் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடி என்று ஒரே நேரம் விழுந்தது.

உயர் அதிகாரி வந்து பார்த்தார். அச்சடித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சிற்றுரை ஆற்றினார்.

"நான் எத்தனையோ அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். கோப்புகள் தூசு படிந்து கிடக்கும். மூன்று வருடம், ஐந்து வருடம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஒரு கோப்புகூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தீண்டப்படாமல் இல்லை. இன்று மாலை, ஒரே நொடியில், நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை நினைத்துப் பார்த்திருக்கிறார் உங்கள் அலுவலர். ஒரு தாய்க்குக்கூட இது சாத்தியமில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். எதற்காகத் தட்டுகிறார்கள் என்று தெரிந்து தட்டாமல் நின்றவள் கஸ்தூரி ஒருத்திதான்.

ஒரே நொடியில் புதிதான கோப்புகளெல்லாம் ஒரே நாளில்தானே முப்பதைத் தொட வேண்டும்? இதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அந்த நாளும் வந்தது. காலை பதினோரு மணிக்குக் கபாலி மணி அடித்தான், கஸ்தூரி கட்டளையைத் தட்டினாள். அச்சு மெஷின் கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. துளை போட்ட நீளக் காகிதம் மேசையிலிருந்து வழிந்து, தரையில் மடிந்து, கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து, வராந்தா வரைக்கும் போயிற்று. நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். விதிப்படி அத்தனையும் அன்றே முடிக்க வேண்டும்.

ஏகாம்பரநாதன் காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். மாலை ஐந்தே முக்கால் வரை உட்கார்ந்தால் ஒரு குடும்பத்துக்கு ஐந்து நொடி. சாப்பிடப் போகாமல் இருந்தால். பேனாவை எடுத்தார். எடுத்து, வயிற்று வலி காரணமாக அன்று விடுப்பு வேண்டும் என்று எழுதினார்.

கஸ்தூரி குறுக்கே வந்து நின்றாள். அதுவரை அவள் அலுவலர் முன்னால் குரல் உயர்த்தியது கிடையாது.

"சார், ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க. இருசப்பன் பெரியப்பா பைலு. பத்திரம், ரசீது எல்லாம் பின் பண்ணி வெச்சிருக்கேன். அவங்களுக்கு அந்த நெலத்தை விட்டா வேற ஒண்ணும் இல்ல சார்."

ஏகாம்பரநாதன் அவளைக் கனிவோடு பார்த்தார்.

"போடலாம்மா. எனக்கு என்ன கஷ்டம்? ஆனா ஒருத்தருக்குப் போட்டா மிச்சம் நாலாயிரத்து எண்ணூத்துப் பதினோரு பேருக்கு நான் அநியாயம் பண்ணினவன் ஆயிடுவேன். என் சர்வீஸ்ல இதுவரைக்கும் பாரபட்சம் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னது கிடையாது."

ஜீப் கிளம்பிப் போய்விட்டது. மறுநாள் வயிற்று வலி குணமாகி வந்தபோது மெஷின் எல்லாவற்றுக்கும் முப்பத்தொன்று என்றது. அக்கறையற்ற கோப்புகள் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டும் ஒரே கட்டளையில் மூடப்பட்டன. தபால் தலைக்குக் கட்டுப்படியாகாது என்பதால் கடிதம்கூட அனுப்பவில்லை. நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். மழை வந்து கரைத்துவிட்டது.

இருசப்பன் ஒரு வக்கீலிடம் போனார். பிழைநீக்க அலுவலகத்தின் ஆணை இல்லாமல் வழக்குப் போட முடியாது என்றார் வக்கீல். அலுவலகத்துக்குப் போனார். மூடியதற்கு ஆணை எதுவும் போடுவதில்லை, மூடுவது மட்டும்தான் என்றார்கள். மறுதிறப்பு மனுவையும் ஒரு தடவைக்கு மேல் வாங்குவதில்லையாம்.

நிலுவையே இல்லாத அலுவலகம் என்று ஏகாம்பரநாதனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். இத்தனை சிறப்பான அலுவலகம் வாடகை வீட்டில் இருப்பது அழகல்ல என்று சொந்தக் கட்டடத்துக்கும் அனுமதி வந்தது. இடம் வேண்டுமே. அரசாங்க நிலமாக இருக்க வேண்டும், ரோட்டை ஒட்டி இருக்க வேண்டும், தண்ணீர் வசதி வேண்டும், முக்கியமாக அதன்மேல் யாருடைய மனுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. மெஷினைக் கேட்டார்கள். அது ஒரே ஓர் இடத்தைத்தான் காட்டியது. அடி அண்ணாமலை, மேய்க்கால் புறம்போக்கு, அறுபத்திரண்டு சென்ட், கிணறு உண்டு.

அன்று சாயங்காலம் கஸ்தூரி தன் ஊர் பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்த் திசையில் போகிற பஸ்ஸில் ஏறி அடி அண்ணாமலைக்கு வந்தாள். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். "மன்னிச்சுக்குங்க பெரியப்பா, அன்னிக்குத் தட்டினது நான்தான்" என்று அழுதாள். பாஞ்சாலை அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு வாய்ச் சோறு போட்டாள்.

அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தல் போட்டபோது கடலை அறுவடைக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. காய் பிடித்த செடிகளின்மேல் நாற்காலி போட்டார்கள். ஏகாம்பரநாதன் ஒலிபெருக்கியில் பேசினார்.

"இந்த நிலத்தின் மீது ஒருவருக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, கணினியே சான்றளிக்கிறது. மக்களின் அக்கறையை நொடி சுத்தமாக அளந்து பார்த்த அலுவலகம் இது. இனி இந்த மண்ணிலிருந்தே மக்கள் தொண்டு தொடரும்."

பூஜை முடிந்தது. மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டு, கலவைக்கு மணல் கொட்டினான். தண்ணீர் வேண்டும். மோட்டார் கொட்டகை பூட்டியிருந்தது, சாவி இருசப்பனின் அரைஞாணில் இருந்தது. அவர் கிணற்று மேட்டில், பாஞ்சாலையின் பக்கத்தில், துண்டை இறுக்கிக் கட்டியபடி நின்றிருந்தார். வணக்கம் வைக்கவில்லை.

ஏகாம்பரநாதனே சிரித்துக்கொண்டு அவரிடம் போனார். "பெரியவரே, மோட்டாரைக் கொஞ்சம் போட்டு விடுங்க. நல்ல காரியம்."

இருசப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். குரல் நிதானமாகத்தான் வந்தது.

"கேட்டுட்டீங்க இல்ல? இன்னியிலேர்ந்து முப்பது நாளு கழிச்சு வாங்க. நடுவுல வந்து கேக்காதீங்க, புதுசாயிடும். ஒரு நாளு தள்ளியும் வராதீங்க, உங்களுக்கு அக்கறை இல்லைன்னு நான் எடுத்துக்குவேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏகாம்பரநாதனின் முகத்திலிருந்த கனிவு மட்டும் அப்படியே இருந்தது. மேஸ்திரியின் பக்கம் திரும்பி, "கொட்டகையும் புறம்போக்குலதான இருக்கு" என்றார்.

மேஸ்திரி கடப்பாரையை எடுத்து வந்து ஒரே அடியில் பூட்டை உடைத்தான். அந்த நேரத்தை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.